உங்களைக் குறித்து நான்கு வரிகள்



வேலை தேடுகிற வாலிபப் பிள்ளைகள் தங்கள் பயோடேட்டாவை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொண்டுவந்து, "பாஸ்டர், இதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று கையில் கொடுப்பது நமது சபைகளில் வெகுநாளாய் இருந்துவரும் வழக்கம். மும்பையிலும் பெங்களூரிலும் சூரத்திலும் அகமதாபாத்திலும் இது ஒன்றுபோலவே நடக்கிறது. இப்போது உறைக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் வருகிறது, அவ்வளவே வித்தியாசம். ஜெபிக்கிறோம், அது நமது கடமை. ஆனால் அந்தத் தாளை வாசித்தும் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். வாசித்துப் பார்த்தால், ஊர் வேறு, படிப்பு வேறு, வயது வேறு என்றிருக்கிற பிள்ளைகளின் தாள்களில் முதல் வாக்கியம் மாத்திரம் ஒன்றாகவே இருக்கக் காண்கிறேன். 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்ற தலைப்பு. அதன்கீழே, சவால் நிறைந்த சூழலில் பணியாற்றி, தன் திறமைகளை முழுவதுமாய்ப் பயன்படுத்தி, நிறுவனத்தோடு தானும் வளர விரும்புவதாக ஆங்கிலத்தில் இரண்டு வரி. எந்த ஊர் பிரவுசிங் சென்டரில் எந்த மகராசன் அதை முதலில் தட்டச்சு செய்தாரோ, இருபது வருஷங்களுக்கு மேலாய் அது தாளுக்குத் தாள் பிரதியெடுக்கப்பட்டு வருகிறது.

அந்த இடத்தில் என்ன எழுதவேண்டும் என்பதைக் குறித்தே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். இது உலகப்பிரகாரமான காரியமாயிற்றே, போதகர் ஏன் இதை எழுதுகிறார் என்று நினைக்கவேண்டாம். ஊரிலுள்ள தாய் தகப்பனுக்குப் பணம் அனுப்பவேண்டிய பிள்ளைகளும், வாடகையும் பள்ளிக் கட்டணமும் நெருக்குகிற குடும்பத் தலைவர்களும் ஒரு தாளின் முதல் நான்கு வரியினால் தள்ளிவைக்கப்படுவார்களானால், அது சபைக்கும் கவலையான காரியமே.

முதலாவது, அந்தத் தாளை யார் வாசிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்களைப் போலவே மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற ஒரு ஊழியர், நூற்றுக்கணக்கான தாள்களைச் சாயங்காலத்துக்குள் பார்த்து முடிக்கவேண்டிய நிலையில் இருக்கிறார். அமெரிக்காவில் தி லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2012-ஆம் ஆண்டில், பணியாளரைத் தெரிந்தெடுப்பவர்களின் கண்ணசைவைக் கருவியினால் அளந்து பார்த்தது. முதல் சுற்றில் ஒரு தாளுக்கு அவர்கள் கொடுத்த நேரம் ஏறக்குறைய 6 விநாடி. 2018-இல் மறுபடியும் அளந்தபோது அது 7.4 விநாடியாயிற்று. நமது நாட்டில் இன்னும் ஒன்றிரண்டு விநாடி கூடவோ குறையவோ இருக்கலாம். எப்படியும் முதல் பார்வையில் ஒருவரும் இரண்டாம் பக்கத்துக்கு வருவதில்லை. பெயர், அதன்கீழுள்ள நான்கு வரி, கடைசியாகச் செய்த வேலை, இவ்வளவுதான் கண்ணில் படும். அந்த நான்கு வரியில் 'எனக்கு என்ன வேண்டும்' என்று எழுதி வைத்தால், 'உம்மால் எனக்கு என்ன ஆகும்' என்று தேடுகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. ஆகவேதான் அப்ஜெக்டிவ் என்ற தலைப்பை இப்போது பலர் விட்டுவிட்டு, 'புரொஃபைல்' அல்லது 'புரொஃபைல் சம்மரி' என்று எழுதுகிறார்கள். தலைப்பை மாத்திரம் மாற்றிவிட்டுப் பழைய வாக்கியத்தையே கீழே வைத்திருக்கிற தாள்களையும் பார்த்திருக்கிறேன்.

நம்முடைய பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனியான தயக்கம் உண்டு. தன்னைக் குறித்துத் தானே எழுதுவது பெருமையல்லவா, தன் வாய் தன்னைப் புகழலாகாது என்ற கருத்தில் நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறதே என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் புகழ்ச்சி வேறு, கணக்கு ஒப்புவிப்பது வேறு. "நான் கடினமாய் உழைப்பவன், நேர்மையானவன், நேரந்தவறாதவன், தலைமைப் பண்பு உள்ளவன்" என்று எழுதுவதே தற்புகழ்ச்சி. விநோதம் என்னவென்றால், தாழ்மையின் நிமித்தம் தங்கள் வேலையைக் குறித்து எழுதக் கூச்சப்படுகிற அதே பிள்ளைகள் ஹார்ட் ஒர்க்கிங், சின்சியர், பங்சுவல் என்று கூச்சமில்லாமல் எழுதிவிடுகிறார்கள்! "6 வருஷமாய் இந்த வேலையைச் செய்கிறேன், நாளொன்றுக்கு இத்தனை ஆவணம் என் கையில் முடிகிறது" என்பது புகழ்ச்சியல்ல, கணக்கு. பவுல் அப்போஸ்தலன் தன் பாடுகளைக் குறித்துச் சொல்லவேண்டி வந்தபோது அடி எத்தனை தரம், கப்பற்சேதம் எத்தனை தரம் என்று எண்ணிக்கையாகவே சொல்லியிருப்பதை 2 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் நீங்கள் வாசித்திருப்பீர்கள்.

வேதத்தில் இதற்கு இன்னும் நெருக்கமான ஒரு பகுதி 1 சாமுவேல் 16-இல் உண்டு. சவுல் ராஜாவுக்கு ஒரு தேவை இருந்தது: சுரமண்டலம் நன்றாய் வாசிக்கிற ஒருவன் வேண்டும். வேலைக்காரரில் ஒருவன் தாவீதைக் குறித்துச் சொல்லுகிறான். அவன் சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். முதலாவது, வாசிக்கத் தெரிந்தவன் என்பது; அதாவது ராஜா கேட்டது. அதற்குப் பின்புதான் பராக்கிரமம், யுத்தப் பழக்கம், பேச்சில் புத்தி, தோற்றம், கர்த்தர் அவனோடே இருப்பது என்பவை வருகின்றன. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய அளவு. நல்லதொரு புரொஃபைலின் இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்று வேடிக்கையாய்ச் சொல்லுவேன். ஆனால் வேடிக்கை மாத்திரமல்ல.

இதை ஒரு தாளைக் கொண்டு விளக்குகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து பன்வேலில் குடியிருக்கிற ஒரு தம்பி, பி.காம். படித்தவர். நவசேவா துறைமுகத்தில் சுங்கக் காரியங்களைக் கவனிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் 6 வருஷமாய் வேலை செய்கிறார். கலியாணம் நிச்சயமாகியிருந்தது. இருக்கிற சம்பளத்தில் வீடு எடுக்க முடியாது. பல மாதங்களாய் விண்ணப்பித்தும் ஒரு அழைப்பும் வரவில்லை. அவருடைய தாளின் தலையில் அதே 'சவால் நிறைந்த சூழல்' இருந்தது.

"தம்பி, காலையில் அலுவலகத்துக்குப் போனதும் முதலாவது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"சும்மா டாக்குமென்ட் வேலைதான் பாஸ்டர்."

"சும்மா என்பதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்."

மெதுவாய்ச் சொன்னார். கப்பலில் வருகிற சரக்குக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றைச் சரிபார்ப்பது. சரக்குக்குரிய எச்எஸ் கோடு எது என்று கண்டுபிடிப்பது. பில் ஆஃப் என்ட்ரியைத் தயார்செய்து, சுங்கத்துறையின் இணையவாசலாகிய ஐஸ்கேட்டில் தாக்கல் செய்வது. அதிகாரிகள் கேள்வி எழுப்பினால் இறக்குமதியாளரிடம் விவரம் வாங்கிப் பதில் போடுவது. கன்டெய்னருக்கு அனுமதித்த இலவச நாட்கள் முடியுமுன் அது வெளியே போகிறதா என்று பின்தொடர்வது. தவறான கோடு போட்டால் வரி மாறும், அபராதம் வரும், சரக்கு நிற்கும், நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும் என்று விளக்கிச் சொன்னார். இதில் ஒரு வார்த்தையும் அந்தத் தாளில் இல்லை! 'டாக்குமென்டேஷன் ஒர்க்' என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி மாத்திரம் இருந்தது.

நாளொன்றுக்கு எத்தனை பில் ஆஃப் என்ட்ரி என்று கேட்டேன். பன்னிரண்டுக்குக் குறையாது, சில நாள் பதினைந்து என்றார். ஆவணத் தாமதத்தினால் ஒரு கன்டெய்னரும் நின்றதில்லை என்றும் எழுதலாமா என்றார். அதை ஒருவர் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்றேன். யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். அப்படியானால் அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எண்ணிக்கை எழுதுவது நல்லது, எதிரே உட்கார்ந்திருக்கிறவர் "எப்படி?" என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லக்கூடிய எண்ணிக்கையாய் அது இருக்கவேண்டும்.

கடைசியில் ஆங்கிலத்தில் எழுதின நான்கு வரியின் பொருள் இதுவே: "நவசேவாவில் சுங்கத் தரகு நிறுவனமொன்றில் இறக்குமதி ஆவணப் பணியில் 6 ஆண்டு அனுபவம். நாளொன்றுக்கு 12 முதல் 15 பில் ஆஃப் என்ட்ரிகளை ஐஸ்கேட்டில் தாக்கல் செய்தல், எச்எஸ் கோடு தெரிதல், சுங்கத்துறையின் கேள்விகளுக்குப் பதில், கன்டெய்னர் வெளியேறும் வரை பின்தொடர்தல். தமிழ், இந்தி, ஆங்கிலம் பேச்சுப் பழக்கம், மராத்தி புரியும். சரக்கு அனுப்பீட்டு நிறுவனத்தில் இறக்குமதி ஆவணப் பொறுப்பு நாடப்படுகிறது."

இதில் 'நான்' என்ற சொல் இல்லை. ஆங்கிலப் பயோடேட்டாவில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவதே முறை. அது நம்முடைய கூச்சத்துக்கும் உதவியாயிருக்கிறது. குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் வாசிக்கிறவர், இவர் பொறுப்பானவர் என்று தானாகவே அறிந்துகொள்ளுகிறார். என்ன வேண்டும் என்பது கடைசி வரியில்தான் வருகிறது. அதுவும் இன்ன வேலை என்று பெயர் சொல்லி வருகிறது. ஆங்கிலத்தில் இது ஐம்பது வார்த்தைக்குச் சற்று மேலேபோயிற்று. அந்த அளவு போதும். எட்டு வரி, பத்து வரி என்று நீட்டினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

மொழிகளைக் குறித்து ஒரு வார்த்தை. வெளிமாநிலத்தில் வளர்ந்த நமது பிள்ளைகள் நாலு மொழி பேசுவதை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. தாராவியில் பிறந்து, மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்து, தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி வளர்ந்த பிள்ளை, 'லாங்வேஜஸ் நோன்' என்று கடைசிப் பக்கத்தில், ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கிற உடைந்த பென்சிலைப் போல அதை ஒதுக்கி வைக்கிறது. தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் தினந்தோறும் தொலைபேசியில் பேசவேண்டிய மும்பை நிறுவனத்துக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் எவ்வளவு பிரயோஜனம்! அதை மேலே கொண்டுவாருங்கள். பேசத் தெரியுமா, எழுதத் தெரியுமா, புரிய மாத்திரம் செய்யுமா என்பதையும் உண்மையாய்ப் பிரித்துச் சொல்லுங்கள்.

இன்னொரு காரியத்தையும் அந்தத் தம்பியின் தாளிலிருந்தே கற்கலாம். பெரிய நிறுவனங்களில் தாளை மனிதன் பார்க்குமுன் கணினி பார்க்கிறது. நௌக்ரி போன்ற தளங்களிலும் ஆள் தேடுகிறவர்கள் சொற்களைத் தட்டித்தான் தேடுகிறார்கள். ஆகையால் விளம்பரத்தில் அவர்கள் வைத்திருக்கிற சொல்லே உங்கள் வரியிலும் இருக்கவேண்டும். துறைமுகத்தில் எல்லாரும் இன்றைக்கும் 'சிஎச்ஏ' என்றே சொல்லுகிறார்கள். ஆனால் 2013-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பின்பு சட்டத்திலுள்ள பெயர் 'கஸ்டம்ஸ் புரோக்கர்'. அந்தத் தம்பி இரண்டையும் ஓரோரிடத்தில் எழுதும்படி சொன்னோம். விளம்பரத்துக்கு விளம்பரம் அந்த நான்கு வரியில் இரண்டொரு சொல்லை மாற்றிக்கொள்ளுவது அவசியம். ஏற்றுமதிக்கு ஆள் கேட்டால், பில் ஆஃப் என்ட்ரியை முதலில் வைத்து அனுப்புவது வீண். ஷிப்பிங் பில் செய்த பழக்கம் இருந்தால் அது முன்னே வரவேண்டும். நூறு இடத்துக்கு ஒரே தாளை அனுப்புவதிலும் பத்து இடத்துக்குப் பார்த்து எழுதி அனுப்புவது மேல். லிங்க்ட்இன் தளத்தில் பெயருக்குக் கீழே 220 எழுத்துகளுக்கே இடம். அங்கே இந்த நான்கு வரியை ஒரே வரியாய்ச் சுருக்கவேண்டும்.

சகோதரிகளுக்குத் தனியே சிலவற்றைச் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்காக வேலையை விட்டு, ஏழெட்டு வருஷங்களுக்குப் பின்பு மறுபடியும் வேலை தேடுகிறவர்கள் நம்மிடையே அநேகர். இடைவெளியை மறைக்கவேண்டும் என்ற பயத்தில் தேதிகளையே எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். தேதியில்லாத தாள் சந்தேகத்தை உண்டாக்கும். பெங்களூரிலுள்ள ஒரு சகோதரி 2011 முதல் 2016 வரை கணக்கு உதவியாளராய் இருந்தவர். கவனியுங்கள், அவர் வேலையை விட்ட பின்புதான், 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. வாட், சர்வீஸ் டாக்ஸ் என்று அவர் அறிந்திருந்தவை அதற்குள் அடங்கிப்போயின. டாலி மென்பொருளும் 2020-இன் பிற்பகுதியில் டாலி பிரைம் என்று மாறிற்று. அவருடைய தாளோ இன்னும் 'வாட் ரிட்டர்ன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர் உடனே மூடி வைத்துவிடுவார்.

ஆனால் கேட்டபோது வேறொரு காரியம் வெளியே வந்தது. கணவருடைய ஹார்டுவேர் கடையின் பில்களையெல்லாம் 2019 முதல் அவரே டாலியில் ஏற்றி, ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டுக்கும் விவரம் தயாரித்து, 2பி-யோடு ஒப்பிட்டுப் பார்த்து, வரி ஆலோசகரிடம் கொடுத்து வந்திருக்கிறார். "அது வீட்டு வேலைதானே பாஸ்டர், சம்பளமா வாங்கினேன்?" என்றார். சம்பளம் வாங்காதது வேலையாகாது என்று யார் சொன்னது? குடும்பக் கடை என்பதை மறைக்காமல் அப்படியே சொல்லி, "நிறுவனக் கணக்கில் 5 ஆண்டு அனுபவம் (2011–2016), 2019 முதல் குடும்ப வியாபாரத்தின் டாலி, ஜிஎஸ்டி கணக்குகள், முழுநேரப் பணிக்குத் திரும்ப ஆயத்தம்" என்று முதல் வரிகளில் வைக்கலாம். இடைவெளிக்குக் காரணமாகப் பிள்ளை வளர்ப்பை ஒரே சொற்றொடரில் கீழே குறிப்பிட்டால் போதும். மன்னிப்புக் கேட்பதுபோல எழுதவேண்டியதில்லை.

படிப்பை இப்போதுதான் முடித்த பிள்ளைகள், "எங்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். மறுபடியும் தாவீதினிடத்துக்கே வருவோம். நீ இளைஞன் என்று சவுல் சொன்னபோது, தாவீது தன் தைரியத்தை வர்ணித்துக்கொண்டு நிற்கவில்லை. தகப்பனுடைய ஆடுகளை மேய்த்த இடத்தில் சிங்கமும் கரடியும் வந்ததையும், தான் செய்ததையும் சொன்னான். கேட்ட வேலை யுத்தம்; காட்டிய அனுபவம் மேய்ச்சல். உங்கள் மேய்ச்சல் வெளி எது என்று பாருங்கள். கல்லூரிப் புராஜெக்ட், ஐடிஐ-யில் கையாண்ட இயந்திரம், அப்ரன்டிஸாக இருந்த மாதங்கள், விடுமுறையில் மாமாவின் கடையில் நின்றது, எல்லாம் கணக்கில் வரும். சபையில் செய்கிற காரியங்களும் வரலாம், ஆனால் வேலையின் மொழியில் எழுதப்படவேண்டும். ஞாயிறு பள்ளியில் 4 வருஷமாய் 25 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற ஒரு தங்கை ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லத்தான் வேண்டும். வாலிபர் கூடுகையின் பண்டிகைச் செலவுக் கணக்கைப் பார்த்து ரசீதோடு ஒப்புவித்தவர் கணக்குப் பணிக்கு அதைச் சொல்லலாம். மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் ஆகியவற்றை இயக்குகிற தம்பிக்கு நிகழ்ச்சி நடத்தும் நிறுவனங்களில் அது நேரான அனுபவம். 'சர்ச் ஆக்டிவிடீஸ்' என்று மொத்தமாய் எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

இனி ஒரு கசப்பான காரியம். சில நகரங்களில் 'கன்சல்டன்சி' என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வருஷ, மூன்று வருஷ அனுபவச் சான்றிதழ் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். "எல்லாரும் செய்கிறார்கள், நான் மாத்திரம் உண்மை சொன்னால் பின்தங்கிவிடுவேன்" என்று ஜெபிக்கிற பிள்ளைகளே என்னிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். இது பொய் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. அறியாமலிருக்கக்கூடியது வேறொன்று. 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்கு யூஏஎன் என்ற ஒரே எண் வந்தபின்பு, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களில் நீங்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அந்த எண்ணின்கீழ் வரிசையாய்ப் பதிந்து நிற்கின்றன. பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று. பட்டச் சான்றிதழ்களும் பல பல்கலைக்கழகங்களிலிருந்து டிஜிலாக்கரில் ஏறியிருக்கின்றன. வேலையில் சேர்ந்து ஐந்தாறு மாதத்துக்குப் பின்பு பொய் வெளிப்பட்டு, ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து அழுதிருக்கிறோம். முன்னிருந்த நல்ல வேலையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். தாளின் அடியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று கையொப்பமிடுகிறீர்கள் அல்லவா? அந்த வரி புரொஃபைலுக்கும் சேர்த்துத்தான். எக்செல் திறந்து பார்த்திருக்கிறேன் என்பதை 'அட்வான்ஸ்டு எக்செல்' என்று எழுதுவதும் இந்த வகையே. ஒரு விலுக்அப் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துபோகும்.

பொய் சொல்லலாகாது என்பதினால், உள்ளதையெல்லாம் எழுதவேண்டும் என்று பொருளல்ல. பழைய பயோடேட்டா கலியாணத்துக்கும் வேலைக்கும் ஒன்றாகவே இருந்தது; ஆகையால்தான் தகப்பன் பெயர், உயரம், மதம், சாதி, திருமண நிலை எல்லாம் அதில் ஏறிக்கொண்டன. நிறம் எழுதிய தாளையும் கண்டிருக்கிறேன். வேலைக்கு இவை ஒன்றும் தேவையில்லை. ஆதார், பான், பாஸ்போர்ட் எண்களையும் போடாதிருங்கள். வேலை நிச்சயமான பின்பு கேட்கிற இடத்தில் கொடுத்தால் போதும். கண்டவர் கையில் அவை போனால் ஏமாற்றுக்காரருக்கு வழி திறக்கும்.

மதத்தை எழுதாமல் விடுவது கிறிஸ்துவை மறுதலிப்பதாகாதா என்று ஒரு சகோதரர் மிகவும் வருத்தத்தோடு கேட்டார். அவருடைய வைராக்கியத்தை மதிக்கிறேன். கேட்கிறவனுக்கு மறைத்தால்தான் மறுதலிப்பு. கேளாத இடத்தில், வேறொரு காரியத்துக்காக எழுதப்படும் தாளில் இல்லாதிருப்பது மறுதலிப்பாகாது. தச்சனிடத்தில் கதவுக்கு விலை கேட்டால் அவன் கதவின் விலையையே சொல்லுகிறான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று புரொஃபைலிலேயே எழுதுகிறவர்களும் உண்டு. இது உங்களுக்கு உறுதியான காரியமானால் அதற்குரிய இடம் நேர்முகம். சம்பளம், ஷிப்ட், விடுமுறை ஆகியவற்றைப் பேசுகிற நேரத்தில், சேருமுன், தெளிவாய்ச் சொல்லிவிடுங்கள். சேர்ந்த பின்பு சொல்லுவது முறையல்ல.

ஆங்கிலம் பலவீனமாயிருக்கிறது என்கிற பிள்ளைகள் இப்போது சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். பிரவுசிங் சென்டருக்குப் பதில் இது. வெறுமனே 'எனக்கு ஒரு புரொஃபைல் எழுது' என்றால், 'ரிசல்ட்ஸ் டிரிவன்', 'டைனமிக்' என்று மினுமினுக்கிற சொற்களை அடுக்கிக் கொடுக்கும். எல்லாருக்கும் அதையே கொடுக்கும். பழைய 'சவால் நிறைந்த சூழல்' புதிய சட்டை போட்டு வந்ததுபோலாகும். முதலில் உங்கள் வேலையைத் தமிழிலேயே, ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு விளக்குவதுபோல ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து நான்கு வரியைப் பொறுக்கி, எளிய ஆங்கிலத்தில் நீங்களே எழுதிப்பாருங்கள். பிழை திருத்த மாத்திரம் கருவியைக் கேளுங்கள். திரும்பி வந்ததில் உங்கள் வாயில் வராத சொல் ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள். புரொஃபைலை முதலில் எழுத உட்காராதிருங்கள். மற்ற பகுதிகளையெல்லாம் முடித்த பின்பே எழுதுங்கள், அப்போதுதான் எதைப் பொறுக்குவது என்று தெரியும்.

பெயரைக் குறித்தும் சொல்லவேண்டும். நமக்கு இனிஷியல், வடக்கே எல்லாரும் சர்நேம் கேட்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும், ஓரிடத்தில் பின்னும் ஏறி, சான்றிதழில் ஒன்றும் பான் அட்டையில் ஒன்றுமாய் நின்றால், சரிபார்க்கும்போது வேலையே தாமதமாகும். அட்டைகளில் உள்ளபடி விரித்த பெயரைத் தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பாதிருங்கள். கணினிக்குப் படத்திலுள்ள எழுத்து தெரியாமல் போகலாம். வேர்ட் அல்லது எழுத்தாய்த் திறக்கிற பிடிஎஃப் அனுப்புங்கள். கட்டம், பெட்டி, பூவேலை வேண்டாம்.

ரெஃபரன்ஸ் என்ற இடத்தில் போதகரின் பெயரைப் போடலாமா என்று அநேகர் கேட்கிறார்கள். உங்களோடு வேலை செய்த மேலதிகாரி அல்லது கற்பித்த பேராசிரியர் பெயர் முதலில் இருக்கட்டும். வேலையைக் குறித்துச் சாட்சி சொல்ல அவர்களுக்கே முடியும். குணத்தைக் குறித்து ஒருவர் வேண்டுமானால் போதகரைப் போடலாம், முன்பே கேட்டுவிட்டுப் போடுங்கள். என் பெயரைப் போடுகிறவர்கள் அந்த நான்கு வரியின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பிவையுங்கள். நிறுவனத்திலிருந்து அழைப்பு பெரும்பாலும் நான் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் வருகிறது. அந்தச் சத்தத்தில், நீங்கள் ஏற்றுமதியா இறக்குமதியா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது.